கூலிக்குப் பூட்டிய விலங்கு

1348-ஆம் ஆண்டு இங்கிலாந்திலே நுழைந்த கொள்ளைநோய், மக்களில் மூன்றிலொரு பங்கினருக்கும் மேலானோரை வாரிக்கொண்டு போயிற்று. அறுக்க ஆளின்றிக் கதிர்கள் வயலிலேயே அழிந்தன. எஞ்சிய உழவுத் தொழிலாளி கூலியை உயர்த்திக் கேட்டான். பண்டத்துக்குக் கிராக்கி வந்தால் வணிகன் விலையேற்றுவது நியாயமாம். உழைப்புக்குக் கிராக்கி வந்தால் மட்டும் அது குற்றமாம்!

1351-இல் பிரபுக்களின் பார்லிமெண்டு சட்டம் செய்தது: 1346-இல் இருந்த கூலிக்கு மேல் எவனும் கேட்கலாகாது. ஆகஸ்டு முதல் வாரத்தில் கதிரறுப்பவனுக்கு நாளொன்றுக்கு 2 பென்னி; அடுத்த வாரம் 3 பென்னி. இதற்குப் பணிவதாக உறுதிமொழி கூற மறுத்தவனுக்குத் தொழுமரம்!

சட்டம் நிலைத்ததா, தோழர்களே? விளைச்சல் பாழாகுமே என்றஞ்சிய பண்ணைக்காரர்களே மறைவாக உணவும் தானியமும் கூட்டிக் கொடுத்தனர். தலைக்கு 12 பென்னி வரியும் வந்து சேர்ந்தபோது, 1381-இல் கெண்ட்டும் எசெக்ஸும் கிளர்ந்தெழுந்து லண்டனுள் புகுந்தன. பண்ணையடிமை ஒழிந்தது, ஏக்கருக்கு 4 பென்னியே குத்தகை எனப் பதினான்கு வயது மன்னன் ரிச்சர்டு வாக்களித்தான். மறுநாள் வாட் டைலர் வெட்டுண்டான். மூன்று வாரத்திற்குள் வாக்கும் ரத்தாயிற்று.

ஆயினும் கூலி இறங்கவில்லை. பிரபுக்கள் வேறு வழி கண்டனர். 15-ஆம் நூற்றாண்டில் மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் பல ஊர்களின் குடிகளைப் பெயர்த்து, ஏர் உழுத நிலத்தை ஆட்டு மந்தைக்கு விட்டனர். கம்பளிக்குச் சந்தை இருந்தது. மேய்க்க ஓர் இடையனும் நாயும் போதுமாயிருந்தன.