ஊசி பிடிக்கும் கை

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று சிறு வயது முதலே படித்து வருகிறோம். இவற்றுள் உணவைப் பற்றி நம் விடுதி மாணவர்கள் ஓரளவு தெளிந்துவிட்டார்கள். சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் பலருக்குத் தெரிகிறது. ஆனால், சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தால் அதைத் தாமே தைத்துக்கொள்ளக் கூடியவர் நம்முள் எத்தனை பேர்? விடைத்தாளில் பக்கம் பக்கமாக எழுதும் விரல்கள் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுவது பெருமைக்குரிய செய்தி அன்று.

"தையல் பெண்கள் வேலை" என்பார் சிலர். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைத்தெருவிலுள்ள தையற்கடைகளை எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர்? கூலி கிடைத்தால் அது ஆணின் தொழில். கூலி இல்லையென்றால் அது பெண்ணின் கடமை! இதுவா நியாயம்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாயார் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். பகலில் களையெடுத்துவிட்டு வந்து, இரவில் அக்கம்பக்கத்தாரின் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்தும், சேலைகளுக்கு ஓரம் அடித்தும் அவர் சேர்த்த காசுதான் என் தேர்வுக் கட்டணமாயிற்று. ஊசி பிடிக்கும் கையைத் தாழ்ந்த கை என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க இயலாது.

அறிஞர் உலகமும் அதைத் தாழ்வாக எண்ணியதில்லை. கையூசிக்குக் காது பின்பக்கம் இருக்கிறது. இயந்திர ஊசிக்கோ கூர்முனை அருகில் இருக்கிறது. இந்த ஊசியோடு, மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும் தையலை அமைத்து, எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் 1846இல் காப்புரிமை பெற்றார். இயந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளும் 1924இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார்.

எளிய சில வழிகள்

வீட்டிலும் விடுதியிலும் எவரும் செய்யக்கூடிய சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

நூலை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, ஏறத்தாழ 18 அங்குல அளவுக்கு நறுக்குங்கள். அதற்கு மேல் நீண்டால் சிக்கு விழும். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் வழுவழுப்பாக ஓடும்.

பொத்தான் தைக்கும்போது, பொத்தானின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதையும் சேர்த்துத் தைக்க வேண்டும். பிறகு குச்சியை உருவிவிட்டு, பொத்தானை மேலே இழுத்து, அதன் அடியில் நூலை நான்கைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். காஜாவின் துணி உட்காருவதற்கு இந்தச் சிறு இடைவெளி தேவை. இல்லாவிட்டால் பொத்தானை மாட்டும் ஒவ்வொரு முறையும் நூல் இழுபட்டு, விரைவில் அறும்.

ஒட்டுப் போடும் துணி, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் அரை அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். அது புதுத் துணியானால் முதலில் நனைத்து உலர்த்துங்கள். பின்னால் அது சுருங்கினால் பழைய துணியையும் சேர்த்து இழுத்துக் கிழிக்கும். பாவு இழையும் ஊடு இழையும் இரு துணிகளிலும் ஒரே போக்கில் அமைய வேண்டும். குறுக்குப் போக்கில் வெட்டிய துணி இழுபடும்.

வீட்டில் இயந்திரம் இருந்தால், சாதாரணப் பருத்தித் துணிக்கு 14ஆம் எண் ஊசியும், தடித்த துணிக்கு 16ஆம் எண் ஊசியும் பொருந்தும். துணியின் அடிப்பக்கத்தில் நூல் சுருள் சுருளாக நின்றால் பலர் பாபினைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் மேல்நூலில்தான். அதை அவிழ்த்து மீண்டும் கோத்துப் பாருங்கள். எண்ணெய் விட்ட பிறகு ஒரு கழிவுத் துணியில் ஓட்டிவிட்டே நல்ல துணியைத் தொட வேண்டும்.

பழஞ்சேலைப் போர்வை

சேலை கிழிந்ததும் கரித்துணியாக்குவது நம் வழக்கம். மூன்று பழைய பருத்திச் சேலைகள் இருந்தால் அருமையான போர்வை கிடைக்கும். துவைத்து வெயிலில் உலர்த்தி, மடித்து அடுக்கித் தரையில் சுருக்கமின்றி விரியுங்கள். ஒரு சாண் இடைவெளியில் நீளத் தையல்களாகப் போட்டு அடுக்குகளை நிலைநிறுத்துங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி ஓட்டுத் தையல் போட வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து தங்கிவிடும். கடைசியில் நீளத் தையல்களைப் பிரித்துவிட்டு, ஓரத்தை மடித்துத் தைத்தால் முடிந்தது.

இப்போர்வை ஏன் கதகதப்பாக இருக்கிறது? அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. நாம் வகுப்பில் படிக்கும் வெப்பக் கடத்தல் பாடம்தான் அது!

வங்கத்துப் பெண்கள் இவ்வாறு பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்ததே காந்தா என்னும் கலையாக மலர்ந்தது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், உழைத்துக் கிழிந்த உடைகளை ஒட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002இல் அவை ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அந்நாட்டு அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. வறுமை தைத்ததை உலகம் வியந்து பார்த்தது!

"புதுச் சட்டையே மலிவாகக் கிடைக்கிறதே, இத்தனை பாடு எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். மலிவான சட்டைகளில் பல பாலியஸ்டர் கலந்தவை. பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து பிறப்பது. பருத்தியைப் போல் எளிதில் மக்காது. நாம் ஓராண்டில் எறியும் சட்டை நம் ஆயுளுக்குப் பிறகும் மண்ணில் கிடக்கும். அன்றியும், அந்த மலிவின் பின்னே யாரோ ஒருவரின் கண்ணும் முதுகும் தேய்ந்திருக்கின்றன.

"எல்லோரும் தைத்தால் தையற்காரர் பிழைப்பு என்னாவது?" என்பது அடுத்த கேள்வி. அளவெடுத்து வெட்டித் தைப்பது பல ஆண்டுப் பயிற்சியில் வரும் கலை. அதை ஒரு வாரத்தில் நாம் கைப்பற்றிவிட முடியாது. ஆனால், ஒரு காஜாவைக் கையால் எடுத்துப் பார்த்தவன், தையற்காரரிடம் கூலியில் பேரம் பேச நாணுவான்.

ஆகவே என் கருத்து இதுதான். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடவும் சாலை போடவும் கற்கிறோம். அங்கே ஒரு மாலைப் பொழுதைத் தையலுக்கும் ஒதுக்க வேண்டும். அதில் மாணவர், மாணவியர் இருபாலாரும் சேர்ந்து அமர வேண்டும். விடுதிக்கு ஒரு கால்மிதி இயந்திரம் வாங்கித் தருவது நிருவாகத்துக்குப் பெருஞ்செலவாகாது. பேராசிரியப் பெருமக்கள் இதைக் கனிவோடு கருத வேண்டுகிறேன்.

கிழிந்ததை உடுத்துவது வறுமையாக இருக்கலாம், அதில் வெட்கமில்லை. தைக்கத் தெரிந்திருந்தும் தைக்காமல் எறிவதுதான் வெட்கம். நண்பர்களே, அந்த மாலைப் பொழுது வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓர் ஊசியும் ஒரு நூற்கண்டும் இன்றே உங்கள் பெட்டியில் இடம்பெறட்டும்!