உழுத மேடு செத்த மேடா?

"ஏர் புகுந்த மேட்டில் வரலாறு தங்காது" என்னும் வாக்கியம், கம்மாபுரத்திலும் விருத்தாசலத்திலும் நெய்வேலி நகரியத்து மன்றங்களிலும் பழமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எழுந்தவர்களால் பல்லாண்டுகளாக எடுத்தாளப்பட்டு, கைதட்டல் பெற்று, இப்போது ஆராயாமலே ஒப்புக்கொள்ளப்படும் சித்தாந்தம் என்ற அந்தஸ்தை எய்திவிட்டது. அண்மையில் கேட்க நேர்ந்த ஒரு சொற்பொழிவிலோ அது இன்னும் ஒரு படி மேலேறி, இவ்வட்டாரத்து மேடுகள் யாவும் உழவனால் என்றைக்கோ நாசமாக்கப்பட்டவை, ஆகவே அவற்றைத் தோண்டுவதும் வீண், காப்பதும் வீண், நாளை அவை நெய்வேலிச் சுரங்கத்துக்குள் போனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை என்ற மங்கள வாழ்த்தோடு முடிந்தது. இத்தனை காலம் மரியாதைக்காக மௌனமாக இருந்தாயிற்று. இனி அந்த மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற அச்சத்தால், பிரசங்கியார் அடுக்கிய வாதங்களை அவர் அடுக்கிய வரிசையிலேயே எடுத்துப் பார்க்கிறேன்.

முதலாவதாக, மலையே இல்லாத இந்தச் சீமையில் பழங்காலத்துக் கோட்டை எங்கிருந்து வரும் என்று கேட்டார். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், மலையின் நிழல்கூடப் படாத சமதரையில், மண்கரையும் அகழியுமாக வட்டமிட்டுக் கிடக்கும் சங்ககாலப் பொற்பனைக்கோட்டை, பிரசங்கியாரின் அனுமதியைப் பெறாமலே அங்கே இருந்து வருகிறது.

இரண்டாவதாக, வயலில் கிடைக்கும் ஓடுகள் எருவண்டியோடு வந்து சேர்ந்த குப்பை என்றார். நம் பாட்டன்மார் தங்கள் எருக்குழியில் கருப்பு சிவப்புப் பானைகளை உடைத்துப் போடும் அளவுக்குச் செல்வந்தர்களாகவும், இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயுள் உடையவர்களாகவும் இருந்தார்கள் என்றால், அந்த வாதத்தை மறுக்க எனக்குச் சக்தி இல்லை.

மூன்றாவதாக, உழவர்கள் கண்டதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது அகப்பட்டாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், தவறினால் தண்டனை உண்டு என்று 1878-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்து வைத்திருக்கும் ஒரு தேசத்தில், மண்வெட்டியில் தட்டுப்பட்ட தாழியைக் குடியானவன் பேசாமல் மூடிவிட்டு வேறு பக்கம் வெட்டப் போவானாயின், அதை விவேகம் என்பதா, திருட்டு என்பதா?

இவையெல்லாம் அவருடைய கட்டடத்தின் திண்ணைகள். மூலஸ்தானம் நான்காவது வாதத்தில்தான் இருக்கிறது. கலப்பை மண்ணைப் புரட்டிவிட்டபடியால் மேலது கீழாகவும் கீழது மேலாகவும் கலந்து, அடுக்கு அடுக்காகப் படிக்க வேண்டிய காலக்கணக்கு அடியோடு அழிந்தது என்பதே அது. கேட்பதற்குச் சாஸ்திரீயமாக இருக்கிறது. ஆனால் கலப்பை எவ்வளவு ஆழம் போகும் என்ற ஒரே ஒரு கேள்வியைப் பிரசங்கியார் தம் வாழ்நாளில் எந்த உழவனிடமும் கேட்டதில்லை என்பதையும் அது கூடவே காட்டிக்கொடுக்கிறது. நாட்டுக் கலப்பையின் கொழு ஒரு சாணுக்கும் குறைவாகவே இறங்கும். டிராக்டரில் பூட்டிய சட்டிக் கலப்பை ஓர் அடியைத் தாண்டுவதே பெரிது. பாலின் மேல் படிந்த ஆடையைக் கலைத்த குழந்தையைப் பார்த்து, குடத்தையே கவிழ்த்துவிட்டாய் என்று அடிப்பது போன்ற நியாயம் இது.

அந்தச் சாண் மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதற்கு ஊகம் தேவையில்லை. பிரத்தியட்சமான சாட்சிகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில், தமிழ்நாட்டில் இரும்பின் வயதைக் கிறிஸ்துவுக்கு முன் 2172 வரை கொண்டுபோன மாதிரி, ஒரு மீட்டருக்கும் கீழிருந்தே எடுக்கப்பட்டது. மேற்சொன்ன பொற்பனைக்கோட்டையில் 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழ்ந்தன; பின்னதில் கிடைத்த சிறு பொன் அணியும் ஒரு மீட்டர் ஆழத்துக்கு அப்பாலிருந்தே வந்தது. கீழடியில் 2015-இல் அகழாய்வு தொடங்கியபோது நிலம் தென்னந்தோப்பாக இருந்தது. தென்னங்கன்றுக்கு வெட்டும் குழி கலப்பைச் சாலைப் போல மூன்று மடங்கு ஆழமானது; அப்படியிருந்தும் செங்கற்சுவர்கள் அந்த வேர்களுக்குக் கீழே தத்தம் இடத்தில் நின்றுகொண்டுதான் இருந்தன.

வெகுதூரம் போவானேன்? நம் விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த செங்கமேட்டில் 1950-களின் தொடக்கத்திலேயே இந்தியத் தொல்லியல் துறை குழி வெட்டிப் பெருங்கற்காலத்துக்கு உரிய கருப்பு சிவப்பு மட்பாண்டங்களைக் கண்டது. பண்ருட்டிக்கு அருகிலுள்ள மருங்கூர், 2024-இல் அரசு அகழ்ந்த எட்டு இடங்களில் ஒன்றாக இடம்பெற்றது. இந்த இரண்டு ஊர்களிலும் ஏர் ஓடியதில்லை என்று பிரசங்கியார் சத்தியம் செய்வாராயின் அவர் கட்சியை அப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

இனி, புரட்டப்பட்ட அந்த மேல்மண்ணேனும் பயனற்றதா என்று பார்த்தால், அங்கும் அவருடைய சித்தாந்தம் நொண்டுகிறது. வயலில் அடையாளமிட்ட ஓடுகளைப் பரப்பி, பல போகம் உழுதபின் தேடிப் பார்த்த பரிசோதனைகள் மேலை நாடுகளில் நடந்திருக்கின்றன. ஓடுகள் பெரும்பாலும் கிடந்த இடத்திலிருந்து சில மீட்டருக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. கொழு கீழிருந்து மேலே கொணர்ந்து போட்ட ஓட்டுச்சில்லு, தனக்கு நேர் கீழே வீடு இருந்ததா, இடுகாடு இருந்ததா என்பதை இன்னமும் அறிவித்துக்கொண்டேதான் இருக்கிறது. மணிலாக் கொட்டை பிடுங்கும்போது செடியோடு ஓடும் மணியும் வருவதை இப்பக்கத்துப் பெண்கள் அறிவார்கள். உழவே நடவாத கரம்பு நிலத்தில் அடியில் இருப்பது அடியிலேயே கிடந்து எவர் கண்ணிலும் படாமல் போகும். மேட்டை முதலில் கண்டுபிடித்துக் கொடுப்பவனே உழவன்தான்.

ஏர் தேய்த்துத் தரைமட்டமாக்கிய மேடும் சாவதில்லை என்பதற்கு அயல்நாட்டுச் சாட்சியும் உண்டு. இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் வரலாற்றுக்கு முந்திய கோட்டைகள் பல உண்டு. அவற்றில் சிலவற்றின் கரைகள் தலைமுறை தலைமுறையாக உழப்பட்டுத் தரையோடு தரையாகத் தேய்ந்துபோயின. ஆனால் கரை தேய்ந்தாலும் அகழி தூர்ந்த பள்ளத்தில் ஈரமும் ஆழமான மண்ணும் தங்குவதால், வறட்சிக் காலத்தில் அதன்மேல் விளையும் பயிர் மட்டும் உயர்ந்து பசுமையாக நிற்க, புதைந்த சுவரின் மேல் நிற்கும் பயிர் குன்றி வெளுக்க, ஆகாயத்திலிருந்து நோக்குபவனுக்குக் கோட்டையின் வரைபடம் முழுவதும் பயிராலேயே எழுதப்பட்டுத் தோன்றும். 1925-இல் இன்சால் என்ற விமானப்படை அதிகாரி, ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே உழுது தேய்ந்துபோன ஒரு வயலில் வளையம் வளையமான குறிகளை வானிலிருந்து கண்டார். அடுத்த ஆண்டு தொடங்கி மாட் கன்னிங்டன் அங்கே தோண்டியபோது, ஆறு வளையங்களாக நடப்பட்டிருந்த மரத்தூண்களின் குழிகள் சுண்ணாம்புத் தரையில் அப்படியே கிடைத்தன. மரம் மக்கிப்போயிற்று, கலப்பை மேலே நடந்தது, ஆயினும் குழி சாகவில்லை. வுட்ஹெஞ்ச் என்று இன்று உலகம் புகழும் அவ்விடத்தை நம் பிரசங்கியார் முதலில் போய்ப் பார்த்திருந்தால், செத்த மேடு என்று சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தப் போயிருப்பார்.

ஐந்தாவது வாதம், உழவனே பழமையின் முதற் சத்துரு என்பது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துக் கொள்ளிடத்தில் 1836-இல் கட்டிய கீழணைக்குக் கொண்டுபோனவர்கள் ஏர் பூட்டிப் போகவில்லை. அரசாங்க உத்தரவோடு போனார்கள். ஹரப்பாவின் செங்கற்களைப் பெயர்த்து லாகூர்-முல்தான் ரயில்பாதைக்குப் பரப்பியவர்களும் இஞ்சினீயர்களே. இத்தேசத்தில் பழமைக்குப் பெருஞ்சேதம் செய்தவை வயிற்றுப் பிழைப்புக்கு உழுத கைகள் என்று சொல்ல, இவற்றை எல்லாம் மறந்த நாக்கு வேண்டும்.

1957-ஆம் ஆண்டு மே மாதம் நேரு தொடங்கிவைத்த நெய்வேலிச் சுரங்கம் நமக்கு வெளிச்சம் தந்தது. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்கு ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட மண்ணை முதலில் அகற்றியாக வேண்டும் என்பது சுரங்கத் தொழிலின் இயல்பு. சாண் ஆழம் கிளறிய கலப்பை குற்றவாளி, ஐம்பது மீட்டர் தோண்டும் சுரங்க இயந்திரத்தின் சக்கரம் நிரபராதி என்ற தீர்ப்பு, எந்த அளவுகோலை வைத்து எழுதப்பட்டது? உழுதாயிற்று, ஆகவே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை, ஆகவே சுரங்கம் தோண்டலாம் என்று இரண்டே படிகளில் இறங்கிவிடும் இந்தத் தர்க்கம், நிலம் எடுப்பவர்களுக்கு எவ்வளவு அனுகூலமானது என்பதைப் பிரசங்கியார் உணராமல் செய்தாரா, உணர்ந்தே செய்தாரா என்ற விசாரணையில் நான் இறங்கவில்லை.

கைமாறப் போகும் நிலத்தைக் கோடை உழவு முடிந்து ஒரு மழை பெய்த கையோடு, ஓடு அறிந்த ஒருவர் வரப்பு வரப்பாக நடந்து பார்த்து, ஓடுகள் அடர்ந்த இடத்தில் நான்கு குழிகளேனும் கலப்பை எட்டாத ஆழம் வரை வெட்டிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஒன்றும் கிடைக்கவில்லையானால், மேடு செத்தது என்று சொல்லும் அதிகாரம் அந்தக் குழிக்கு உண்டு. மேடையில் நிற்பவருக்கு இல்லை.