ஒரு பழைய வீட்டையாவது விட்டு வைப்போம்

தண்ணீரூற்று உறவுகளே,

பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தென்பகுதிக்குச் சுற்றுலா போய் வந்தோம். காலிக்கு அப்பால் கொக்கலவில், எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க (1890-1976) பிறந்த வீட்டையும் அங்குள்ள கிராமிய அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். 'மடோல் தூவ' எழுதியவர் என்றதும் பிள்ளைகளுக்கு ஆள் விளங்கிவிட்டது.

அது மாளிகை இல்லை. ஓடு போட்ட பழைய கிராமத்து வீடு; உள்ளே அந்தக் காலத்துத் தளபாடங்கள். அருங்காட்சியகத்தில் மாட்டு வண்டி, வயல் சாமான்கள், மட்பாண்டங்கள். பார்த்துக்கொண்டு வந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், இதெல்லாம் எங்கட உம்மம்மா வீட்டிலயும் இருந்ததாமே. இப்ப எங்க?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

அந்த வீட்டுக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை கொக்கலவில் தளம் அமைத்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரித்த கனேடிய விமானி பேர்ச்சல் கிளம்பியதும் அங்கிருந்துதான். அந்தத் தளத்துக்காக ஊர்ச் சனம் எழுப்பப்பட்டது, வீடுகள் இடிக்கப்பட்டன. இந்த வீடு தப்பியது. தப்பிய ஒரு வீட்டை வைத்துக்கொண்டு இன்று ஒரு கிராமத்தின் வாழ்க்கையையே பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்.

நம்முடைய கதையும் நமக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போல நாமும் கையில் அகப்பட்டதோடு வெளியேறினோம். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்த தலைமுறை இன்று பிள்ளை குட்டிக்காரர். 2009இல் நம் தமிழ் அயலவர்களும் வீடு வாசல் இழந்தார்கள். திரும்பி வந்தபோது பலருக்குக் காணி இருந்தது, கிணறு இருந்தது, வீடு இல்லை.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது வீட்டுத்திட்ட வீடுகள் எழும்பியிருக்கின்றன. ஆனால் புது வீடு கட்டும்போது மிச்சமிருந்த பழைய சுவரை இடித்து, அந்தக் கல்லையே அத்திவாரத்துக்குப் போடுகிறோம். யாரையும் குறை சொல்லவில்லை. ஒழுகாத கூரையும் மலசலகூடமும்தான் முதலில் வேண்டும். பழைய வீட்டில் போய்க் குடியிருங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஊரில் இன்னும் நிற்கிற பழைய வீடுகளில் ஒன்றையாவது விட்டு வைப்போம். உரிமையாளர் சம்மதித்தால் ஊர் கூடித் திருத்துவோம். விறாந்தையும் குசினியும் இருந்தபடியே இருக்கட்டும். உரல், உலக்கை, அம்மி, சுளகு, லாம்பு, குர்ஆன் ஓத வைத்த பலகை என்று மிச்சம் இருப்பதைக் கொண்டுவந்து வைப்போம். தமிழ் அயலவர்களிடமும் கேட்போம்; அவர்கள் இல்லாமல் இந்த ஊர்க் கதை முழுமையாகாது.

"பழசைக் கிளறி என்ன பலன்?" என்று சிலர் கேட்பார்கள். பலன் இருக்கிறது. உறுதி தொலைந்தவர்கள், பதிவு மாறியவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாம் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோம் என்பதற்கு ஒரு பழைய சுவரும் சாட்சிதான். புத்தளத்திலேயே பிறந்த பிள்ளைக்கு "இதுதான் உன் ஊர்" என்று வாயால் சொல்வதை விட, வாசல்படியில் இருத்திச் சொல்வது வேறு.

இடிக்கத்தான் வேண்டுமென்றால், இடிக்க முதல் எங்களிடம் ஒரு சொல் சொல்லுங்கள். பிள்ளைகளோடு வந்து அளந்து, படம் எடுத்து, எந்த அறையில் யார் இருந்தார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்கிறோம். பாடசாலையில் ஒரு மூலை ஒதுக்க முயற்சி செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

கல்லை விட முதலில் போவது ஞாபகம். உங்கள் வாப்பா வீட்டின் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் இன்றைக்கே உம்மாவிடம் கேளுங்கள்.