ஒரு பிட் புரண்டால்…

2003 மே மாதம். பெல்ஜியத்தில் தேர்தல். பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் உள்ள ஸ்கார்பேக் பகுதியில் கம்ப்யூட்டர் மூலம் வாக்குப்பதிவு. எண்ணி முடித்தால், ஒரு வேட்பாளருக்கு அங்கே வாங்கவே முடியாத அளவுக்கு ஓட்டு! மறுபடி எண்ணினார்கள். சரியாக 4,096 ஓட்டு குறைந்தது.

புரோகிராமில் தவறு எதுவும் சிக்கவில்லை. ஆனால், 4,096 சாதாரண எண் அல்ல. பன்னிரண்டு 2-களைப் பெருக்கினால் வருவது. மெமரியில் 13-வது இடத்தில் இருந்த ஒரே ஒரு பிட், 0-விலிருந்து 1-க்குத் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்றார்கள் நிபுணர்கள்.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள்கூட இப்படிப் புரட்டிவிடும். அதனால்தான் சர்வர்களில் ‘இசிசி’ என்ற விசேஷ மெமரி வைக்கிறார்கள். ஒரு பிட் மாறினால் அதுவே திருத்திவிடும். இரண்டு மாறினால் திருத்த முடியாது. ‘இந்த இடம் கெட்டுவிட்டது’ என்று சொல்ல மட்டும் முடியும்.

சொன்ன பிறகு என்ன செய்வது? அதை முடிவு செய்வது கர்னல். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் இதயம். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஓடும் லினக்ஸும் ஒரு கர்னல்தான். சர்வர்களில் அது கெட்ட இடத்தை ஒதுக்கிவைக்கும். டிஸ்க்கில் நல்ல நகல் இருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால், அந்த இடத்தைப் பயன்படுத்திய புரோகிராமை மட்டும் நிறுத்தும். கெட்டது கர்னலின் சொந்த இடம் என்றால், பெரும்பாலும் மொத்த மெஷினையும் நிறுத்திவிடும்.

இந்தப் பகுதியில் நாலு வரி மாற்ற வேண்டுமென்றாலும், மாற்றத்தை இமெயிலில் அனுப்பி மற்றவர்கள் படிக்கக் காத்திருக்க வேண்டும். மற்ற பகுதிகளில் தப்பு இருந்தால் பயன்படுத்துகிறவர்களே சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். இதுவோ வருஷக்கணக்கில் ஓடாமலே கிடக்கும். ஓடும் அன்று தப்பவே கூடாது. செயற்கையாகப் பிழையை உண்டாக்கிச் சோதிக்கலாம். ஆனால், எல்லாச் சூழ்நிலையையும் அப்படி உண்டாக்க முடியாது. மிச்சத்துக்கு மனிதக் கண்தான்.

படிப்பவர் என்ன பார்ப்பார்? உதாரணமாக, பூட்டு. பிழைச் செய்தி எந்த நொடியிலும் வரும். வந்ததும் நடந்துகொண்டிருக்கும் வேலை அப்படியே நிற்கும். நின்ற வேலையின் கையில் ஒரு பூட்டின் சாவி இருந்து, பிழையைக் கவனிக்க வந்த புரோகிராமுக்கும் அதே சாவி தேவைப்பட்டால்? சாவிக்காரரை ‘நகராதே’ என்று சொல்லிவிட்டு, அவர் வந்து திறக்கட்டும் என்று வாசலில் காத்திருக்கும் கதைதான். மெஷின் உறைந்துவிடும்.

அடுத்த கேள்வி: சந்தேகம் வந்தால் தொடர்வதா, நிற்பதா? பேங்க் சர்வர் பத்து நிமிடம் நின்றால் எல்லோரும் திட்டுவார்கள். தவறான பேலன்ஸோடு ஓடிக்கொண்டே இருந்தால், யாருக்கும் தெரியவே தெரியாது. இரண்டாவதுதான் ஆபத்து.

எல்லாம் சரி என்று திருப்தியானால், மாற்றம் எழுதியவர் பெயரோடு, படித்துச் சரிபார்த்தவர் பெயரும் கீழே பதிவாகும். நாளை ஏதாவது பிசகினால், கேள்வி அவருக்கும் வரும்.