625-உம் 250-உம்

எங்கள் ஓய்வூதியர் நண்பர்களுக்கென்று ஒரு சிறு இணையதளம் உண்டு. பார்த்துக்கொள்வது நான்தான். வேர்ட்பிரஸ்ஸில் 'ட்வென்டி ட்வெல்வ்' என்ற தீம். மொத்த அகலம் 960 பிக்சல். கட்டுரைக்கு இடதுபக்கம் 625, வலதுபக்கப் பத்திக்கு 250, மீதி இடைவெளி.

படங்கள் பெரிதாகத் தெரியட்டுமே என்று கட்டுரைப் பத்தியை 75 சதவீதமாக்கினேன். வலதுபக்கப் பத்தி சரிந்து பக்கத்தின் அடியில் போய் விழுந்தது. அது 26 சதவீதம், கூட்டினால் 101. ஆயுள் முழுக்கப் பதிவேட்டில் கூட்டல் போட்டவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா! 72 ஆக்கினேன், நின்றது.

இரண்டு நாளில் பழைய சக குமாஸ்தா ஒருவர் போன் செய்தார். கண்புரை அறுவை ஆனவர். "வரி முடிஞ்சு திரும்பினா படிச்ச வரியையே மறுபடி படிக்கிறேன்யா. உன் பக்கத்தை இனிமே பார்க்கறதா இல்லை."

சுருக்கென்றது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் நோட்டின் இடதுபக்கம் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதைத் தாண்டி எழுதினால் வாத்தியாரிடம் அடி. 'மார்ஜ்' என்பார்கள். காகிதத்தை வீணாக்குகிறார்கள் என்று அப்போது நினைத்தேன். வயதானவர்கள் படிக்கும் பக்கத்துக்கு வெற்றிடம் அதிகமாகவும் வரி குட்டையாகவும்தான் இருக்க வேண்டும் என்பது இப்போது என் கட்சி. தமிழில் சொற்களே நீளம். அதனால் எழுத்தை 14-இலிருந்து 18 பிக்சலாக்கி, பத்தியை 62 சதவீதத்துக்குக் குறைத்தேன். இரண்டு ஓரமும் சமமாக நிற்கும்படி இழுத்துக் கட்டவும் இல்லை. கட்டினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும்.

செய்ததை மூலத் தீமிலேயே செய்தேன், அதுதான் தப்பு. அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிட்டது. ஆபீசில் விதிப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்போமே, புதுப் பதிப்பு வந்தால் அதுவும் பழைய புத்தகத்தோடு போகும். தனிச் சீட்டில் எழுதிச் செருகியிருந்தால் பிழைத்திருக்கும். அந்தச் சீட்டுதான் சைல்ட் தீம். தனி ஃபோல்டர்; அதில் ஒரு ஸ்டைல் ஃபைல், மேலே 'டெம்ப்ளேட்' என்ற இடத்தில் தாய்த் தீமின் ஃபோல்டர் பெயர், ஓரெழுத்தும் பிசகாமல். ஃபங்ஷன்ஸ் ஃபைலில் தாயின் ஸ்டைலை அழைக்கும் சில வரிகள். பிறகு நம் மாற்றங்கள் மட்டும். திரை 600 பிக்சலுக்கு மேல் இருந்தால்தான் அகலம் செல்லும் என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள். நான் மறந்துபோய், போனில் எல்லாம் ஒல்லிப் பத்தியாகி, பேரனிடம் கேலி வாங்கினேன்.

நண்பர் மறுபடி படிக்கிறார். போன வாரக் கட்டுரையில் ஒரு வருடம் தப்பு என்று நேற்றுத்தான் போன்.