அறிக்கை சரியாக இருந்தாலும் பேசுங்கள்

45 வயதையொட்டி எடை கூடியதும் பெண்கள் பலர் தைராய்டு அறிக்கையுடன் எங்களிடம் வருகின்றனர். டி.எஸ்.எச். அளவு இயல்பாக இருந்தால், "வயதானால் இப்படித்தான்" என்று அனுப்பிவிடுவது மருத்துவர்களாகிய எங்கள் பிழை. தைராய்டு குறைபாட்டால் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பங்கு உப்பும் நீருமே. அதற்குமேல் கூடியிருந்தால் காரணத்தை வேறிடத்திலும் தேட வேண்டும். ஆகவே மாதவிடாய் தவறுவது, இரவில் வியர்த்து விழிப்பது, குறட்டை, மனச்சோர்வு, உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவற்றைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். உடன் வந்தவரைச் சற்று வெளியே அமரச் சொல்வதிலும் தவறில்லை. முடி உதிர்வுக்காகப் பயோட்டின் உட்கொண்டால் அதையும் கூறுங்கள். பரிசோதனை முடிவையே அது மாற்றிக் காட்டக்கூடும். தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்கும் வழக்கத்தை மறைத்தால், மருந்து உடலில் சேராதது தெரியாமல் நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போவோம்.