பூட்டுக்கு ஏற்ற சாவி

தோற்ற கோஷ்டி என்ன செய்கிறது? நடுவரைத் திட்டுகிறது, வீடு திரும்புகிறது. நல்ல பயிற்சியாளர் திட்டுவதில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுக்கிறார்.

1962-ம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. முதல் ஆட்டத்திலேயே இந்தியக் கால்பந்து கோஷ்டி தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. பயிற்சியாளர் ரஹீம் மனம் தளரவில்லை. இவர் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பின்வரிசை வீரர் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் காயம் பட்டது. ரஹீம் அவரை ஒதுக்கவில்லை, முன்வரிசைக்கு மாற்றினார். அரை இறுதியில் அவர் கோல் போட்டார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அதே தென் கொரியா! பானர்ஜி ஒரு கோல், ஜர்னெயில் சிங் ஒரு கோல். இந்தியா 2-1 என்று ஜெயித்துத் தங்கப் பதக்கம் பெற்றது.

இன்று பெரிய கோஷ்டிகள் வீடியோ படம் பார்த்துக் கணக்குப் போடுகின்றன. ஊர்க் கோஷ்டிக்குப் பென்சிலும் தாளும் போதும். எதிரி எந்தப் பக்கமாக முன்னேறுகிறான்? எந்தக் காலால் உதைக்கிறான்? கடைசிப் பத்து நிமிஷத்தில் யார் களைக்கிறான்? இவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு இதே கேள்விகளைத் தம் பிள்ளைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். அடுத்தவன் குறை கண்ணில் படும். தன் குறை படாது.

பூட்டுக்குப் பெயர் போன திண்டுக்கல்லுக்கு இதை விளக்க வேண்டுமா? பூட்டின் உள்ளமைப்பு தெரிந்தால் மட்டும் போதாது. கையிலுள்ள சாவியின் பல்லும் சரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் பூட்டு திறக்கும்.